கம்பி உருளையும் அதைச் சுமந்த வண்டியும்

மின்சாரத்தின் வரலாற்றை எழுதப் புகுந்தவர்கள் பெரும்பாலும் கம்பியினுள்ளே ஓடுவதைப் பற்றியே எழுதியிருக்கின்றனர். வோல்ட்டா, பாரடே, மோர்ஸ், எடிசன் என்று பெரியோர் வரிசையொன்று நம் பாடநூல்களில் நிற்கிறது. ஆயினும் அந்தக் கம்பி, செய்த இடத்திலிருந்து வேலையிடத்திற்கு எதன்மேல் ஏறி வந்தது, அதை அவிழ்த்து இழுத்தவர் யார், இழுக்கும்போது நேர்ந்த இடர்கள் யாவை என்று கேட்பவர் சிலரே. கம்பி சுற்றிய உருளையும், அதைத் தாங்கும் வண்டியும் வரலாற்றில் இடம்பெறத் தகாத எளிய பொருள்கள் என்று எண்ணிவிட்டனர் போலும். நான் அவ்வாறு எண்ணவில்லை. கடல்களைக் கடந்த தந்தியும், போர்க்களங்களில் உயிரைக் காத்த தொலைபேசியும் பல வேளைகளில் இந்த எளிய பொருளிடம்தான் தடுமாறி நின்றன. இன்று அந்தக் கதையைச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் இடர் இன்னதென்று தெரிந்துகொள்வோம். ஒரு நூற்கண்டை மேசைமேல் அசையாதபடி நிறுத்தி, நூலை அதன் தலைப்பக்கமாக மேலே இழுத்துப் பாருங்கள். ஒவ்வொரு சுற்று கழலும்போதும் நூலில் ஒரு முழு முறுக்கு ஏறுகிறது. நூல் மெல்லியது, முறுக்கைத் தாங்கிக்கொள்ளும். அதே கண்டினுள் ஒரு குச்சியைச் செருகிப் பிடித்து, கண்டு சுழலும்படி நூலை இழுத்தால் முறுக்கே ஏறுவதில்லை. செப்புக் கம்பி நூலைப் போன்றதன்று. முறுக்கேறிய கம்பி தானாகவே ஒரு வளையமாகச் சுருண்டுகொள்ளும்; அந்த வளையத்தை அறியாமல் இழுத்தால் அது ஒடிந்தாற்போல் மடிந்துவிடும். மடிந்த இடத்தில் உலோகம் இறுகி வலுவிழக்கும். மேலுள்ள காப்புறை விரிசல் காணும். பார்வைக்கு அது சிறு வடுவாகத்தான் தோன்றும். மின்சாரம் ஒழுகுவதும், பிறகொரு நாள் அறுபடுவதும் அந்த இடத்திலேதான். ஆகவே கம்பியை அவிழ்ப்பவன், கம்பி உருள வேண்டுமா, நிற்க வேண்டுமா என்னும் ஒரு தேர்வை முதலிலேயே செய்தாக வேண்டும். உருள வேண்டுமெனில் அச்சு வேண்டும். அச்சுக்குத் தாங்கி வேண்டும். தாங்கி நகர வேண்டுமெனில் சக்கரம் வேண்டும். வண்டி பிறந்துவிட்டது.

இந்த வண்டியின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அமெரிக்காவில் 1843-ஆம் ஆண்டில் தொடங்குகிறது. வாஷிங்டனுக்கும் பால்ட்டிமோருக்கும் இடையே சோதனைத் தந்தி அமைப்பதற்கு அமெரிக்கப் பாராளுமன்றம் மோர்ஸுக்கு 30,000 டாலர் வழங்கியது. கம்பிகளை ஈயக் குழாயில் இட்டு மண்ணுக்குள் புதைத்துவிடலாம் என்பது மோர்ஸின் எண்ணம். நாற்பது மைல் தூரம் மண்வெட்டியால் பள்ளம் தோண்டி, குழாயை இறக்கி, மீண்டும் மண்ணைத் தள்ளி மூடுவதென்றால் பணமும் போதாது, காலமும் போதாது. அப்போது எஸ்ரா கார்னெல் என்பவர் ஓர் உபாயம் சொன்னார். அவர் கல்லூரி கண்டவர் அல்லர். தச்சு வேலையும் இயந்திர வேலையும் அறிந்தவர். ஊர் ஊராகச் சென்று கலப்பை விற்றவர். கலப்பை விற்றவருக்குக் கலப்பையே நினைவில் எழுந்ததில் வியப்பில்லை. கூரிய கொழு ஒன்று நிலத்தைப் பிளந்துகொண்டு செல்லும். அதன்மேலுள்ள உருளையிலிருந்து குழாய் அவிழ்ந்து பிளவுக்குள் இறங்கும். பின்னாலேயே மண் சரிந்து மூடிக்கொள்ளும். கோவேறு கழுதைகள் இழுத்தன. உழவும் புதைப்பும் ஒரே நடையில் முடிந்தன.

கருவி நன்றாக வேலை செய்தது. கம்பிதான் வேலை செய்யவில்லை. குழாயினுள் கம்பிகளின் காப்புறை பழுதுற்று மின்சாரம் ஒழுகியது. பணத்தில் பெரும்பகுதி செலவாகிவிட்ட நிலையில் இச்செய்தி நாளேடுகளுக்குத் தெரிந்தால் முயற்சியே பாழாகும். வேலையை நிறுத்த வேண்டும், ஆனால் நிறுத்திய காரணம் வெளியே தெரியக் கூடாது என்று மோர்ஸ் கார்னெலிடம் சொன்னார். கார்னெல் கழுதைகளை விரட்டி, கலப்பையை வேண்டுமென்றே ஒரு பாறையில் மோதவிட்டார். கருவி நொறுங்கியது. கருவி உடைந்ததால் வேலை நின்றதென்றே ஊரார் நம்பினர். அந்த இடைவேளையில் கம்பங்கள் நட்டு அவற்றின்மேல் கம்பியைக் கட்டும் முறைக்கு மாறினர். 1844 மே 24-ஆம் நாள் முதற்செய்தி சென்றது. தாம் செய்த நல்ல கருவியைத் தாமே உடைக்கும் நிலை எந்தத் தொழிலாளிக்கும் எளிதன்று. அவர் பின்னாளில் தந்தித் தொழிலிலேயே பெருஞ்செல்வம் ஈட்டி, 1865-இல் தம் பெயரால் ஒரு பல்கலைக்கழகத்தையும் நிறுவினார். இன்று ஒளியிழை வடங்களை மண்ணில் புதைக்கும் இயந்திரங்களைச் சாலையோரங்களில் காண்கிறோமே, அவற்றுட் பல கார்னெலின் கலப்பைக்கு உறவு முறைதான்: கொழு உண்டு, உருளை உண்டு, கழுதைக்குப் பதிலாக எஞ்சின்.

நம் நாட்டில் கதை வேறு வழியே சென்றது. கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் வேதியியல் கற்பித்த ஓஷானஸி என்ற மருத்துவர்தாம் இந்தியத் தந்தியின் தந்தை. 1839-லேயே கல்கத்தாவில் சோதனை நடத்தியவர். 1851-இல் கல்கத்தாவுக்கும் டைமண்டு ஹார்பருக்கும் இடையே முதல் தந்தி அமைத்தபோது, ஐரோப்பாவில் வழங்கிய மெல்லிய கம்பியை அவர் விரும்பவில்லை; விரற் பருமனுள்ள இரும்புத் தண்டுகளை ஒன்றோடொன்று இணைத்து நீட்டினார். குரங்குகள் தொங்கினாலும், பெரிய பறவைகள் கூட்டமாக அமர்ந்தாலும், புயல் வீசினாலும் அறுபடாதிருக்க வேண்டுமென்பது அவர் கருத்து. தண்டை உருளையில் சுற்ற இயலாது. ஆகவே நம்முடைய முதல் தந்திப் பாதைக்குக் கம்பி உருளை வண்டி தேவைப்படவே இல்லை! 1853 நவம்பரில் தொடங்கிய பெரும்பாதைகள் ஆக்ரா, பம்பாய், சென்னை ஆகியவற்றைக் கல்கத்தாவோடு இணைத்தன. 1855 பிப்ரவரியில் பொதுமக்களும் தந்தி அனுப்பலாயினர். கனத்த இரும்பைச் சுமந்து செல்வதில் அவர் பட்ட பாடு பெரிது. ஆயினும் குரங்கை எண்ணிப் பார்த்த பொறியாளர் என்ற முறையில் அவரை நான் மதிக்கிறேன்.

இனிக் கடலுக்கு வருவோம். உருளையின் வலிமையும் அதன் எல்லையும் அங்கேதான் முதன்முதலாக விளங்கின. இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையேயுள்ள கால்வாயைத் தந்தியால் இணைக்கப் பிரெட் சகோதரர் இருவர் முயன்றனர். 1850 ஆகஸ்டு 28-ஆம் நாள் கோலியாத் என்னும் சிறிய இழுவைக் கப்பல் டோவரிலிருந்து புறப்பட்டது. அதன் மேல்தட்டில் மிகப் பெரிய உருளை ஒன்று கிடைமட்டமாக அமைக்கப்பட்டிருந்தது; அதன்மேல் ஏறத்தாழ 25 கடல் மைல் நீளமுள்ள வடம். வடம் என்று சொல்கிறோமேயன்றி, அது கட்டாபர்ச்சா என்னும் மரப்பாலால் மூடிய ஒற்றைச் செப்புக் கம்பியே. அது தானாக மூழ்காது என்று அஞ்சி, சிறிது தூரத்திற்கு ஒருமுறை ஈயக் கட்டிகளைப் பிணைத்தனர். உருளை சுழன்றது, கம்பி கடலில் இறங்கியது, மாலையில் பிரான்சின் கிரி நே முனையை எட்டினர். குழப்பமான எழுத்துக்கள் சில வந்து சேர்ந்தன. விரைவில் அதுவும் நின்றது. பிரெஞ்சு மீனவர் ஒருவர் வலையில் சிக்கிய கம்பியை அறுத்தெடுத்து, இஃதென்ன புதுமையான கடற்பாசி என்று ஊராருக்குக் காட்டினார் என ஒரு கதை உண்டு. கதை எவ்வாறாயினும், கம்பி மிக மெலிது என்பது தெளிவாயிற்று.

அடுத்த ஆண்டில், 1851 செப்டம்பரில், பத்து இரும்புக் கம்பிகளைக் கவசமாகச் சுற்றிய தடித்த வடத்தைக் கொண்டுவந்தனர். மைலுக்கு ஏறத்தாழ 7 டன் எடை. இதை எந்த உருளையில் சுற்றுவது? சுற்றினாலும் எந்த அச்சு தாங்கும்? சுழலத் தொடங்கிவிட்டால் யார் நிறுத்துவது? ஆகவே உருளையைக் கைவிட்டு, பிளேசர் என்ற பழங்கப்பலின் வயிற்றுக்குள் வடத்தை வளையம் வளையமாக அடுக்கினர். அலையும் நீரோட்டமும் கப்பலைப் பக்கவாட்டில் தள்ளியதால் வடம் கணக்குக்கு மேல் செலவாகி, பிரெஞ்சுக் கரைக்குச் சற்று முன்னரே தீர்ந்துபோயிற்று. கூடுதல் துண்டு இணைத்துக் கரைசேர்த்தனர். அவ்வாண்டு நவம்பரில் பொதுமக்களுக்குத் தந்தி திறக்கப்பட்டது.

இங்கே கூரிய மாணவர் ஒருவர் என்னை மடக்கலாம். அசையாத சுருளிலிருந்து இழுத்தால் சுற்றுக்கு ஒரு முறுக்கு ஏறும் என்றீரே, கப்பலின் வயிற்றில் அடுக்கிய வடத்திற்கு அந்த விதி இல்லையா? உண்டு. ஆனால் வடத்தை உள்ளே அடுக்கும்போதே ஒவ்வொரு வளையத்திற்கும் ஒரு முறுக்கு எதிர்த்திசையில் ஏறிவிடுகிறது. வெளியே இழுக்கும்போது அதே முறுக்கு இறங்குகிறது. கடன் வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பது போன்றது. உருளையில் சுழற்றிச் சுற்றிய கம்பியிலோ அந்த முன்கடன் இல்லை. அதனால்தான் உருளையை அசையாமல் வைத்து இழுத்தால் கம்பி கெடுகிறது. இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால், பின்வரும் வரலாறு முழுவதும் எளிதாக விளங்கும்.

அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்த முயற்சியில் இடர் வேறு உருவில் வந்தது. 1857-இல் ஏறத்தாழ 2,500 கடல் மைல் வடம் செய்யப்பட்டது. மைலுக்கு ஒரு டன் எடை. அக்காலத்துக் கப்பல் ஒன்றினால் முழுவதையும் சுமக்க இயலாது. பிரிட்டனின் அகமெம்னானும் அமெரிக்காவின் நயாகராவும் பாதி பாதியாகப் பகிர்ந்துகொண்டன. ஆகஸ்டு மாதத்தில் அயர்லாந்தின் வாலென்ஷியாவிலிருந்து புறப்பட்டனர். சுருளிலிருந்து எழும் வடம் சில சக்கரங்களைச் சுற்றிக் கப்பலின் பின்புறமாகக் கடலில் விழும். சக்கரங்களை இறுக்கிப் பிடிக்க ஒரு பிரேக் உண்டு. இரண்டாயிரம் பாகத்திற்கு மேற்பட்ட ஆழத்தில், கப்பலிலிருந்து தரைவரை தொங்கும் வடமே ஒரு டன்னுக்கும் மேல் இழுக்கும். பிடியைத் தளர்த்தினால் வடம் கட்டுக்கடங்காமல் ஓடி வீணாகும், இறுக்கினால் அறும். இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு மனிதனின் கை.

ஆகஸ்டு 11-ஆம் நாள் விடியலுக்கு முன், பொறியாளர் பிரைட் சற்றே அப்பால் சென்றிருந்தார். வடம் கப்பலின் வேகத்தை மீறி ஓடிக்கொண்டிருந்தது. பிரேக் இறுக்கப்பட்டிருந்தது. கப்பலின் பின்புறம் அலையில் எழும்போது பிடியைத் தளர்த்தியாக வேண்டும். காவலிருந்த தொழிலாளி உரிய கணத்தில் தளர்த்தவில்லை. வடம் அறுந்து ஆழத்தில் மறைந்தது. 300 மைலுக்கு மேற்பட்ட வடம் போயிற்று. அவ்வாண்டு முயற்சியும் போயிற்று. அந்தத் தொழிலாளியைப் பழித்து எழுதியவர் உண்டு. நான் பழிக்க மாட்டேன். இருட்டில் எழுந்து தாழும் கப்பலில், கண்ணுக்குப் புலப்படாத எடையைக் கையால் மட்டும் அளந்து பிடிக்கச் சொன்ன கருவியின் குற்றமே பெரிது.

அதை அக்காலத்துப் பொறியாளர்களும் உணர்ந்தனர். அப்போல்டு என்பவர் கண்ட ஒரு பிரேக் முறையை, அமெரிக்கக் கடற்படைப் பொறியாளர் எவரெட் புதிய இயந்திரத்தில் அமைத்தார். குறித்த அளவுக்கு மேல் இழுப்பு வந்தால் அந்தப் பிரேக் தானே தளர்ந்துவிடும். மனிதன் இறுக்க நினைத்தாலும் இறுகாது. 1858 ஆகஸ்டு 5-ஆம் நாள் வடம் இரு கரைகளையும் தொட்டது. விக்டோரியா அரசியின் 98 சொற்கள் கொண்ட வாழ்த்துச் செய்தி சென்று சேர ஏறக்குறைய 16 மணி நேரம் ஆயிற்றாம். சில வாரங்களில் அந்த வடமும் ஊமையாயிற்று. ஆயினும் அது அவிழ்த்தவர்களின் தவறன்று. பழுதான காப்புறையும் அளவுக்கு மீறிய மின்னழுத்தமும் செய்த வேலை.

பிறகு 692 அடி நீளமுள்ள கிரேட் ஈஸ்டர்ன் கப்பல் வந்தது. முழு வடத்தையும் ஒரே கப்பல் சுமந்தது. மூன்று பெரிய தொட்டிகளில் தண்ணீர் நிரப்பி, அதனுள் வடத்தை வளையங்களாக அடுக்கினர். 1865-இல் 1,200 மைலுக்கு மேல் இறக்கிய பின்னர், பழுதொன்றைச் சரிசெய்ய வடத்தை மேலே இழுக்கும்போது அது அறுந்தது. 1866-இல் மீண்டும் சென்றனர். அப்பயணத்தின் நடுவே ஜூலை 18-ஆம் நாள் இரவில், தொட்டியிலிருந்து எழும் வடத்தோடு அடுத்த அடுக்கின் சில வளையங்களும் சேர்ந்து எழுந்து, மாபெரும் சிக்கலாக மேல்தட்டில் வந்து குவிந்தன. கப்பல் நிறுத்தப்பட்டது. கொட்டும் மழையில், மாலுமிகள் வடத்தைக் கையால் பிரித்துப் பிரித்துச் சிக்கெடுத்தனர். வலுவோடு இழுத்திருந்தால் பெருங்கேடு நேர்ந்திருக்கும், பொறுமையால் பிழைத்தது. ஜூலை 27-ஆம் நாள் வடம் நியூபவுண்டுலாந்துக் கரை ஏறியது. சில வாரங்களில் முன்னாண்டு மூழ்கிய வடத்தையும் கொளுவி மேலெடுத்து இணைத்துவிட்டனர். இதே கிரேட் ஈஸ்டர்ன்தான் வெப்பத்தைத் தாங்க வெள்ளை வண்ணம் பூசிக்கொண்டு, 1870 பிப்ரவரியில் பம்பாயிலிருந்து ஏடனுக்கு வடம் இறக்கிச் சென்றது.

கடலில் உருளை தோற்றதென்றால், நிலத்தில் அதுவே வென்றது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் 1864-இல் கிராண்டு தளபதியின் படையில் நடைபெற்ற தந்தி வேலையை அவரே தம் நினைவுக் குறிப்புகளில் வியந்து எழுதியிருக்கிறார். காப்புறையிட்ட கம்பியை உருளைகளில் சுற்றி வைத்திருந்தனர். உருளை ஒன்றுக்கு ஏறத்தாழ 200 பவுண்டு. ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஆட்களும் ஒரு கோவேறு கழுதையும் உண்டு. கழுதையின் சேணத்தின்மேல் குறுக்காக ஒரு மரச் சட்டம்; அதன்மேல் உருளை தடையின்றிச் சுழலும். படை கூடாரம் அடித்தவுடனே ஒருவன் கம்பியின் நுனியைப் பிடித்துக்கொண்டு நிற்பான். மற்றவன் கழுதையை நடத்திச் செல்வான். கழுதை நடந்து முடித்தபோது கம்பி முழுவதும் தரையில் கிடக்கும். பின்னால் வரும் வண்டிகளிலிருந்து மெல்லிய கம்பங்களை இறக்கி, கம்பியைத் தூக்கி நிறுத்துவர். கழுதை நடந்த நேரத்தைவிடச் சில நிமிடங்களே கூடுதலாகும். தலைமையிடங்கள் அனைத்தும் பேசத் தொடங்கிவிடும். இந்தக் கழுதையைவிடச் சிறந்த கம்பி வண்டியை என்னால் எண்ணிப் பார்க்க முடியவில்லை. காட்டிலும் சேற்றிலும் சக்கரம் புதையும். கழுதையின் கால் புதையாது.

அந்தத் தந்தித் தொழிலாளர்களில் பெரும்பாலோர் படைவீரர் கணக்கில் சேர்க்கப்படவில்லை. குண்டுகளுக்கிடையே உழைத்தும், பட்டம் இல்லை. போர் முடிந்தபின் ஓய்வூதியமும் இல்லை. பல ஆண்டுகள் முறையிட்ட பின் 1897-இல் ஒரு சான்றிதழ் மட்டும் கிடைத்தது.

முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படையினர் ஆறு குதிரைகள் பூட்டிய கம்பி வண்டிகளை வைத்திருந்தனர். வண்டியில் உருளைகள் சுழலும். பின்னால் குதிரைமேல் வரும் ஒருவன், நுனி வளைந்த நீண்ட கோலால் கம்பியைச் சாலையிலிருந்து தூக்கி வேலியோரம் போட்டுக்கொண்டே வருவான். குதிரைகள் ஓட ஓட வேலை நடக்கும். பதுங்குகுழிப் போர் தொடங்கியதும் அந்த அழகெல்லாம் போயிற்று. குதிரை வண்டி செல்ல இடமேது? ஒரு கோலை உருளையினுள் செருகி, இருவர் இருபுறமும் பிடித்துச் சேற்றில் தவழ்ந்தும் குனிந்தும் சென்றனர். விழுந்த குண்டுகள் கம்பியை மீண்டும் மீண்டும் அறுத்தன. ஒவ்வொரு முறையும் ஒருவன் எழுந்து சென்று முடிச்சிட வேண்டியிருந்தது. திரும்பாதவர் பலர். இறுதியில் ஆறடி ஆழத்தில் புதைத்தால்தான் கம்பி நிலைக்கும் என்று கண்டனர்.

தொழிற்கல்வி பயிலும் இளைஞர் ஒருவர் அண்மையில் என்னிடம், "ஐயா, வீட்டுக்கு மின்கம்பி இழுக்கும் வேலைக்கு உருளை வண்டி ஒன்று வாங்க நினைக்கிறோம், எதைப் பார்த்து வாங்குவது?" என்று கேட்டார். நான் சொன்ன மறுமொழி மேலே சொன்ன வரலாற்றிலிருந்து பிறந்ததுதான். அச்சை முதலில் பாருங்கள் என்றேன். உருளையின் நடுத்துளையைவிட அச்சு மிக மெலிதாக இருந்தால் உருளை துள்ளும். அச்சு வளைந்தால் சுழலாது. சுமக்கப்போகும் மிகக் கனமான உருளையின் எடையைக் கணக்கிட்டு, அதற்கு மேலும் தாங்கும் வண்டியையே கொள்ள வேண்டும். அடுத்து, பிரேக். கையை எடுத்தவுடன் கம்பி நின்றுவிடும். உருளை நிற்காது, தன் வேகத்தில் மேலும் சில சுற்றுச் சுழன்று, தளர்ந்த கம்பியைத் தரையில் கொட்டும். ஆகவே மெல்லிய தடை எப்போதும் வேண்டும். அதையும் ஒரே அளவில் விட்டுவிடக் கூடாது. உருளை நிறைந்திருக்கும்போது கம்பி அச்சிலிருந்து தொலைவில் கழல்கிறது. தீரத் தீர அச்சை நெருங்குகிறது. ஆரம் பாதியானால், அதே பிரேக்குக்கு இழுக்க வேண்டிய விசை இரு மடங்காகும். நெம்புகோல் பாடத்தில் நீங்கள் படித்ததுதான். தொடக்கத்தில் இலகுவாக வந்த கம்பி முடிவில் ஏன் இப்படி வலிக்கிறது என்று தொழிலாளர்கள் வியப்பதுண்டு, காரணம் இதுவே. பிரேக்கைச் சிறிது சிறிதாகத் தளர்த்திக்கொண்டே வர வேண்டும்.

சக்கரத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சமதளத்தில் சிறிய சக்கரம் போதும்; மண்ணிலும் படியிலும் பெரிய சக்கரம் வேண்டும். இழுக்கும்போது வண்டியே நகர்ந்து வராதபடி சக்கரத்தைப் பூட்ட வழியிருக்க வேண்டும். மூன்று நான்கு நிறக் கம்பிகளை ஒரே குழாயில் சேர்த்து இழுப்பவர்களுக்கு, ஒவ்வோர் உருளையும் தனித்தனியே சுழலும் வண்டிதான் ஏற்றது. ஒரே அச்சோடு எல்லாம் பிணைந்து சுழன்றால், குறைந்த கம்பியுள்ள உருளை ஒரு வேகத்திலும் நிறைந்த உருளை வேறு வேகத்திலும் கம்பியைத் தரும். நம் ஊர்களில் வீட்டுக் கம்பி பெரும்பாலும் 90 மீட்டர் சுருளாகவே வருகிறது, உருளையில் அன்று. உதவியாள் ஒருவர் சுருளை இரு கைகளிலும் மாட்டிக்கொண்டு, கம்பி கழலக் கழலக் கைகளைச் சுழற்றிக் கொடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவர் அறிந்தோ அறியாமலோ தாமே ஓர் உருளை வண்டியாகி நிற்கிறார். அவருக்குப் பதில் சுழலும் தட்டு ஒன்று செய்துவைத்தால் அவர் வேறு வேலை பார்க்கலாம் என்பதையும் அந்த இளைஞருக்குச் சொன்னேன்.

மிகப் பெரிய உருளையைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. அது வண்டியில் ஏறியதன்று, கடலில் மிதந்தது. இரண்டாம் உலகப் போரில், பிரான்சில் இறங்கும் படைகளுக்குப் பெட்ரோல் அனுப்ப இங்கிலாந்திலிருந்து கடலடியில் குழாய் இடத் திட்டமிட்டனர். கம்பி செய்யும் முறையைப் பின்பற்றி ஈயத்தாலான ஒருவகைக் குழாயைக் கப்பலின் தொட்டியில் சுருட்டிச் சென்று இறக்கினர். மற்றொரு வகை மூன்று அங்குல எஃகுக் குழாய். எஃகைச் சுருட்ட முடியுமா? 30 அடி விட்டமுள்ள உருளையில் சுற்றினால் எஃகுக் குழாய் ஒடியாது, நெரியாது என்று சோதனையில் கண்டனர். அவ்வளவு பெரிய உருளையை எந்தக் கப்பலில் ஏற்றுவது? ஏற்றவே வேண்டாம் என்று முடிவுசெய்தனர். உருளையையே உள்ளீடற்ற மிதவையாகச் செய்து, இரு முனைகளையும் கூம்பாக்கி, கடலில் விட்டனர். குழாய் நிறையச் சுற்றியபின் ஏறத்தாழ 1,600 டன். இழுவைக் கப்பல்கள் முன்னே இழுத்துச் செல்ல, உருளை நீரில் உருண்டு உருண்டு குழாயைக் கடலுக்குள் விட்டுக்கொண்டே சென்றது. அச்சும் தாங்கியும் சுமக்க வேண்டிய எடையைக் கடலே சுமந்தது. கூம்பு உருளை என்று பொருள்படும்படியும், விடுகதை என்று பொருள்படும்படியும் அதற்கு ஆங்கிலத்தில் ஒரு சிலேடைப் பெயர் வைத்தனர். 1944-45-ஆம் ஆண்டுகளில் அவ்வகைக் குழாய்கள் சில இடப்பட்டன. சில தோல்வியுற்றன, சில பெட்ரோலைக் கொண்டுசேர்த்தன. கோலியாத்தின் மேல்தட்டில் 1850-இல் சுழன்ற உருளை, தொண்ணூற்று நான்கு ஆண்டுகளுக்குப் பின் அதே கால்வாயில், கப்பலையே விட்டு இறங்கி நீந்தியதை எண்ணும்போது எனக்குச் சிரிப்பும் வருகிறது, மதிப்பும் வருகிறது.

இன்றும் அந்தப் பழைய தேர்வு முடிந்துவிடவில்லை. கண்டங்களை இணைக்கும் ஒளியிழை வடங்கள் இன்றும் கிரேட் ஈஸ்டர்னில் செய்ததைப் போலவே கப்பலின் தொட்டிகளில் வளையங்களாக அடுக்கப்படுகின்றன; ஆட்கள் உள்ளே நின்று காலால் நடந்து நடந்து சுற்றி அடுக்குகின்றனர். கடலிலுள்ள காற்றாலைகளிலிருந்து மின்சாரம் கொண்டுவரும் தடித்த வடங்களின் நிலை வேறு. அவற்றுட் பலவற்றிற்கு இரும்புக் கவசம் எதிரெதிர்த் திசைகளில் இருமுறை சுற்றப்பட்டிருக்கும். அவை எத்திசையிலும் முறுக்கைத் தாங்கா. முன்கடன் வாங்கவும் திருப்பிக் கொடுக்கவும் அவற்றால் இயலாது. ஆகவே கப்பலின்மேல் மாபெரும் வட்டத் தட்டு ஒன்றைச் சுழலும்படி அமைத்து, அதன்மேல் வடத்தைச் சுற்றுகின்றனர். வடம் கடலில் இறங்க இறங்க, பல ஆயிரம் டன் எடையோடு அத்தட்டு மிக மெல்லச் சுழல்கிறது. நிலத்தில் செல்லும் மர உருளைகளைப் பார்க்கும்போது அவற்றின் பக்கப் பலகையில் வரைந்திருக்கும் அம்புக்குறியைக் கவனியுங்கள். எந்தத் திசையில் உருட்டினால் சுற்றுக்கள் தளராமல் இறுகி நிற்குமோ அந்தத் திசையை அது காட்டுகிறது. வடத்தை அவிழ்க்கும்போது உருளை அதற்கு எதிர்த்திசையில் சுழலும்.